வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குள் உங்கள் தங்கையைத் தடுக்க வேண்டி

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கே உடம்பளவில் இருவரும் சுகம். மனத்தளவில் ஒருவர்தான் சுகம், அது நான் இல்லை. உங்கள் முழங்கால் வலி, அக்காவின் இரத்த அழுத்தம், பேரனின் பல் எல்லாவற்றையும் விசாரித்ததாக எடுத்துக்கொள்ளவும். தனித்தனியாக விசாரிக்க எனக்கு நிதானம் இல்லை. இந்த நாலு வரி எழுதுவதற்குள் மூன்று முறை எழுந்து வாசலை எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன்.

விஷயம் இதுதான். உங்கள் தங்கை நகர சபைத் தேர்தலில் நிற்கிறாள். வேட்புமனுவைத் திரும்பப் பெற அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணி கடைசி. நீங்கள் வியாழக்கிழமையே புறப்பட்டு வந்து அவளைத் தடுத்தாக வேண்டும். நீயே தடுக்கலாமே என்று கேட்பீர்கள். முடியாது மச்சான், அவளை முன்மொழிந்தவனே நான்தான். போன மாதம் ஒரு கட்டுக் காகிதம் நீட்டினாள். "நாலாவது தாளை மட்டும் கொஞ்சம் படிச்சுப் பாருங்க" என்றாள். "நீ பார்த்தா போதாதா?" என்று பெருந்தன்மையாகச் சொன்னேன். ஐம்பது பிள்ளைகளின் மதிப்பெண் அட்டையை ஒரே மூச்சில் முடித்துப் பழகிய கை இது. புள்ளிக்கோடு தெரிந்த இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டது. இப்போது தேர்தல் அலுவலகச் சுவரில், போகிற வருகிறவர்கள் பார்க்கும்படி, முன்மொழிபவர் என்று என் பெயர் தொங்குகிறது.

தேர்தலில் நிற்பதோடு விட்டாளா? முப்பது வருடம் தாய்சேய் நல நிலையத்தில் நர்ஸாக இருந்தவள், சாக்கடை, தெருவிளக்கு என்று நல்லபடியாக ஆரம்பித்தவள், துண்டுப் பிரசுரத்தில் மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்துவிட்டாள். உடம்பு வளர்வது எப்படி, குழந்தை உண்டாவது எப்படி, யாராவது தொட்டால் வேண்டாம் என்று சொல்வது எப்படி, இதையெல்லாம் ஆண் பிள்ளை, பெண் பிள்ளை இருவருக்கும் இந்த வட்டத்துப் பள்ளிகளில் ஒரு பக்கம் விடாமல் நடத்த வேண்டுமாம். அந்த 'ஒரு பக்கம் விடாமல்' என்பது யாரைக் குத்துகிறது என்று ஊருக்கே தெரியும். முப்பத்தோரு வருடம் அறிவியல் வாத்தியாராக இருந்தேன். ஒவ்வொரு வருடமும் புதுப் புத்தகம் வந்ததும், பிள்ளைகள் கையில் கொடுப்பதற்கு முன்னால், அந்தப் பாடத்தின் பன்னிரண்டு பக்கத்தையும் சேர்த்து ஸ்டேப்ளரால் மூன்று பின் அடித்து மூடிவிடுவேன். தலைமையாசிரியர் என்னைப் பாராட்டியிருக்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை தையல் தொழிற்சாலையின் சாப்பாட்டுக்கூடத்தில் கூட்டம். அவளுடைய தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன். உதாரணம் சொல்ல இவளுக்கு ஊரில் வேறு ஆளே கிடைக்கவில்லை. "பின் அடிச்சு மூடினவரு இதோ உக்காந்திருக்காரு, எங்க வீட்டுக்காரர்தான்" என்றாள். கூடமே சிரித்தது. பின்னாலிருந்து என் பழைய மாணவன், இப்போது மெக்கானிக், எழுந்து, "சார் பின் அடிச்சதாலதான் நாங்க அந்தப் பக்கத்தையே முதல்ல பிரிச்சோம் சார். ஆனா ஒண்ணும் புரியல" என்றான். அதற்கும் சிரிப்பு. பிறகு காலர் தைக்கிற ஒரு பெண் எழுந்தாள். அவளும் என் வகுப்புதான், மூன்றாவது பெஞ்ச். "கல்யாணமாகி ரெண்டு மாசம் தினம் பயந்து அழுதேன் சார். ஒரு வார்த்தை முன்னாடி யாராவது சொல்லியிருக்கலாம்" என்றாள். அதற்கு யாரும் சிரிக்கவில்லை. வேட்பாளருக்கு வைத்திருந்த தண்ணீரை நானே முழுக்கக் குடித்துவிட்டேன்.

அன்றிலிருந்து தெருவில் தலைகாட்ட முடியவில்லை. முடிவெட்டப் போனால் கழுத்தில் கத்தியை வைத்துக்கொண்டு, "சார், ஒண்ணு கேக்கலாமா? நாலும் பொண்ணாப் பொறந்ததுக்கு என் வீட்டுக்காரிதானே காரணம்? இருபது வருஷமா அவளைத் திட்டிக்கிட்டிருக்கேன்" என்கிறார் முடிவெட்டுகிற மனிதர். குழந்தை ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது தகப்பனிடமிருந்து வருவது என்று, பின் அடித்த அந்தப் பன்னிரண்டு பக்கத்தில், ஏழாவது பக்கத்திலேயே இருக்கிறது. கத்தி கழுத்தில் இருக்கும்போது அதை எப்படிச் சொல்வது? "காதோரம் கொஞ்சம் குறைச்சிடுங்க" என்று சொல்லித் தப்பித்து வந்தேன்.

செவ்வாய்க்கிழமை இப்போதைய உறுப்பினரே வீடு தேடி வந்தார். சிமெண்ட் மாமா என்று பெயர். கடையும் சிமெண்ட், முகமும் அப்படித்தான். "தங்கச்சி, பொம்பளைங்க அரசியலுக்கு வரட்டும், நான் வேண்டாம்னு சொல்லல. ஆனா இந்த மாதிரி விஷயத்தையெல்லாம் மேடையில பேசணுமா? மனுவை வாபஸ் வாங்கிக்கோ. நூலகக் கமிட்டியில இடம் போட்டுத் தர்றேன்" என்றார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. உங்கள் தங்கை, "உங்களுக்கு மூணு பொண்ணு. அவங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தாங்க?" என்று கேட்டாள். "அவங்க அம்மாதான்" என்றார் பெருமையாக. இவள் உடனே அந்த அம்மாவுக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்துவிட்டாள். "நானா? ஸ்கூல்ல சொல்லியிருப்பாங்கன்னு நெனச்சேன். எங்க வீட்டுக்காரர் அப்படித்தானே சொன்னாரு!" என்றது போன். சிமெண்ட் மாமா குடையை மறந்துவிட்டுப் போய்விட்டார்.

மச்சான், உங்களிடம் ஒளிக்க என்ன இருக்கிறது. அவள் தோற்றுப்போவாள் என்று எனக்குக் கவலை இல்லை. ஜெயித்துவிடுவாள் என்றுதான் கவலை. ஜெயித்தால் அந்தப் பாடத்தை யாராவது ஒருவர் வகுப்பில் நின்று நடத்திவிடுவார். கூரை இடிந்து விழாது. அப்போது முப்பத்தோரு வருடம் நீ எதற்குப் பயந்தாய் என்று என்னையே நான் கேட்டுக்கொள்ள வேண்டிவரும். எனக்கு வெட்கமாக இருக்கிறது, அதுதான் உண்மை. சின்ன வயதில் நீங்கள் ஒரு முறை முறைத்தால் அவள் அடங்கிவிடுவாள் என்று சொல்லியிருக்கிறீர்கள். அந்த முறைப்பு மிச்சம் இருந்தால் தயவுசெய்து கொண்டு வாருங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் எல்லாச் செல்வமும் பெற்று, முக்கியமாக மன நிம்மதி பெற்று, நீடூழி வாழ ஆசிகள்.

இப்படிக்கு,
நிம்மதியற்ற முன்மொழிபவன்

பின்குறிப்பு: கடிதத்தைத் தபாலில் போடச் செருப்பு மாட்டும்போது அழைப்புமணி அடித்தது. பள்ளிச் சீருடையில் ஒரு பெண், பதினொன்று பன்னிரண்டு வயது இருக்கும். பையைப் பின்பக்கம் அணைத்துப் பிடித்தபடி நிற்கிறாள். "நர்ஸம்மா இல்லையா சார்?" வாக்குக் கேட்கப் போயிருக்கிறாள் என்றேன். அந்தக் குழந்தை போகவும் இல்லை, உள்ளே வரவும் இல்லை. "ரெண்டு நாளா ரத்தம் போகுது சார். நான் செத்துருவேனா?" என்றாள். உங்கள் தங்கைக்கு நாலு முறை போன் செய்தேன், எடுக்கவில்லை. எதிர்வீட்டு அம்மாவைக் கூப்பிடலாம் என்றால் பூட்டியிருக்கிறது. வாசல் படியில் உட்காரச் சொல்லிவிட்டு, எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டே நானே சொன்னேன். மாதவிடாய் என்ற சொல்லை வாழ்நாளில் முதன்முறையாக வாய்விட்டுச் சொன்னேன். சாக மாட்டாய், இது நோயில்லை, உன் அம்மாவுக்கும் வந்ததுதான் என்றேன். தேடி வரும் பிள்ளைகளுக்கென்று உங்கள் தங்கை அலமாரியில் வைத்திருக்கும் நாப்கின் பாக்கெட் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். "அவ்வளவுதானா சார்?" என்று கேட்டுவிட்டு அழுதாள், பிறகு சிரித்தாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது. போகும்போது திரும்பி, "எங்க கிளாஸ்ல இன்னும் ரெண்டு பேர் இப்படித்தான் அழுதுக்கிட்டிருக்காங்க சார். கூட்டிட்டு வரட்டுமா?" என்றாள். கூட்டிக்கொண்டு வா என்றேன்.

எனவே வியாழக்கிழமை வர வேண்டாம். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு ஒரு நிமிடம் முன்னால் வந்தாலும் கதவைத் திறக்க மாட்டேன். அதற்குப் பிறகு வாருங்கள், அக்காவையும் அழைத்து வாருங்கள். நூற்றெண்பது வீடு பாக்கி இருக்கிறது, ஆள் போதவில்லை.