அப்பாவோட குறட்டையும் 8115-ஆம் நம்பர் கேபினும்

பாசத்துக்கும் மரியாதைக்கும் (கொஞ்சமா பயத்துக்கும்) உரிய அக்காவுக்கு,

கப்பலோட எட்டாவது மாடியிலேருந்து உன் தங்கச்சி எழுதிக்கிறது. இங்க நாங்க நாலு பேரும் சௌக்கியம், தரை மட்டும்தான் கொஞ்சம் ஆடுது. அங்க நீயும் மாமாவும், எட்டு மாசமா உன் வயித்துக்குள்ள ஓசியில தங்கியிருக்குற ஆளும் சௌக்கியமா? நடுக்கடல்ல நெட் வராது, வந்தாலும் "பதினேழு நிமிஷ வாய்ஸ் நோட் அனுப்பாதே, உக்காந்து எழுது"ன்னு நீதான் திட்டியிருக்க, அதனால கேபின் டிராயர்ல கிடந்த கப்பல் படம் போட்ட பேப்பர்ல கையால எழுதுறேன். நான் கடைசியா கையால எழுதினது பரீட்சையில. எழுத்து அப்படித்தான் இருக்கும், மன்னிச்சுக்கோ.

முதல்ல நல்ல சேதியைச் சொல்லிடுறேன், இல்லன்னா நீ நேரா கடைசிப் பக்கத்துக்குப் போயிடுவ. அம்மாவும் அப்பாவும் பிரியலக்கா! பிரியவே இல்ல! அப்பா ரெண்டு வருஷமா ஹால் சோஃபாவுல படுக்குறாரேன்னு நீ போன்ல அழுதியே, "குறட்டைன்னு சொல்றதெல்லாம் சாக்குடி, உள்ள வேற ஏதோ ஓடுது"ன்னு சொன்னியே, அது பாதி சரி. குறட்டைங்கிறது சாக்குதான். ஆனா உள்ள ஓடினது வேற. பொறு, வரிசையா சொல்றேன்.

நம்ம ரெண்டு பேர் போட்ட ப்ளான் ஞாபகம் இருக்குல்ல? இருபத்தஞ்சாவது கல்யாண நாள், ரெண்டு கேபின், ஒண்ணுல அம்மா அப்பா, சோஃபாவே இல்லாத ரூம், தப்பிச்சு ஓட ஹால் கிடையாது. பக்கத்து ரூம்ல நானும் அத்தையும், நடுவுல ஒரு கதவு, சண்டை வந்தா நான் பாய்ஞ்சு தடுக்கணும். கேபினை நான்தான் தேர்ந்தெடுத்தேன். முன்னூறு கேபின் வீடியோ பார்த்தவக்கா நான், கப்பல் படுக்கையைப் பத்தியே தனியா பேஜ் நடத்துறவ, நானூத்தி பன்னெண்டு பேர் ஃபாலோ பண்றாங்க, அதுல பதினோரு பேர் நம்ம சொந்தக்காரங்களே இல்ல! ரெண்டு ஒத்தைக் கட்டிலைச் சேர்த்தா டபுள் கட்டில், சுவத்துலேருந்து இறங்குற மேல் கட்டில், எல்லாம் எனக்கு அத்துப்படி. அதனால கண்ணை மூடிட்டு 8114, 8115-னு அடுத்தடுத்த நம்பரா போட்டேன். கப்பல்ல ஒத்தைப்படை நம்பரெல்லாம் ஒரு பக்கம், ரெட்டைப்படையெல்லாம் மறுபக்கம்கிறதை மட்டும் அந்த முன்னூறு வீடியோவுல ஒருத்தனும் சொல்லலக்கா! (ஒருத்தன் சொன்னான், நான் ஓட்டிவிட்டுட்டேன்.) ரெண்டு கேபினுக்கும் நடுவுல ரெண்டு நடைபாதை, ஆறு லிஃப்ட், ஒரு போட்டோ கடை. அப்பா பொட்டியை இழுத்துட்டே, "பக்கத்து ரூம்னியே, நடுவுல ஒரு பஸ் ஸ்டாப் போடலாம் போலிருக்கே"ன்னாரு.

அதாவது போகட்டும். 8114-ல ஜன்னல் இருக்கு, 8115-ல இல்ல. ஜன்னலைப் பார்த்ததும் அத்தை செருப்பைக் கழட்டிட்டு உள்ள போய் உக்காந்துட்டாங்க. "ஜன்னல் இல்லாத ரூம்ல எனக்கு மூச்சு முட்டும். தம்பி குறட்டை விடுறான், அவனே என்கிட்ட சொல்லியிருக்கான். பாவம் உங்கம்மா, இங்க வந்தாவது நிம்மதியா தூங்கட்டும். இவ என்கூட. நீயும் உங்கப்பனும் அந்தக் குகைக்குப் போங்க." அப்பாவோட அக்காகிட்ட யாரு எதிர்த்துப் பேசுறது? அம்மா அப்பாவைப் பார்த்தாங்க, அப்பா சீலிங்கைப் பார்த்தாரு. ஒரு வருஷ ப்ளான், நாலே நிமிஷத்துல கடல்ல போச்சு.

இதுல இன்னொரு கூத்து. கல்யாண நாள்னு நான் ஃபார்ம்ல டிக் போட்டிருந்தேன்ல, ரூமைச் சுத்தம் பண்ற அண்ணன் 8114-ல ரெண்டு கட்டிலையும் சேர்த்துப் போட்டு, ரெண்டு டவலை அன்னப்பறவையா மடிச்சு, மூக்கும் மூக்கும் ஒட்டவச்சு, சுத்தி பூவைத் தூவி வச்சுட்டாரு. அத்தை ரொம்ப நேரம் உத்துப் பார்த்துட்டு, "இந்த வாத்து ரெண்டும் என்னடி பண்ணுது?"ன்னாங்க. "ரகசியம் பேசுதுங்க அத்தை"ன்னேன். "எனக்கும் உங்கம்மாவுக்கும் எதுக்குடி இந்த ரகசியம்?" அம்மா சிரிப்பை அடக்க முடியாம பாத்ரூமுக்குள்ள போய் பூட்டிக்கிட்டாங்க. அந்தக் கதவு தக்கை மாதிரி லேசு, சிரிக்கிறது வெளிய கேட்டுச்சு. சரி, கட்டிலைப் பிரிச்சுடச் சொல்லவான்னு கேட்டா அத்தை ஒத்துக்கல. "இருக்கட்டும், விரிஞ்சு படுக்கலாம்." விரிஞ்சாங்க. முக்கால் கட்டில் அவங்களுக்கு, கால் கட்டில் அம்மாவுக்கு.

இப்போ என் பக்கம். அப்பா கீழ் கட்டில், நான் மேல் கட்டில். உனக்கு ஆதாரம் வேணும்னு போன்ல ரெக்கார்ட் போட்டுட்டுப் படுத்தேன். காலையில கேட்டுப் பார்த்தா ஒரு சத்தம் இல்லக்கா! ஏசி சத்தம், நான் ஒருதடவை தும்மினது, அவ்வளவுதான். பெரிய பஸ்ஸு ஓட்டுற ஆள், பூனைக்குட்டி மாதிரி தூங்குறாரு. குறட்டையே இல்லன்னா ரெண்டு வருஷமா எதுக்கு சோஃபா? அப்போ நீ சொன்னது நிஜம்தானா? காலையில நாலு தோசை அளவுக்கு ஆம்லெட் இருந்தும் எனக்கு இறங்கல. உனக்கு எப்படிச் சொல்றதுன்னு மட்டும்தான் மனசுல ஓடிட்டே இருந்துச்சு.

அன்னைக்கு மத்தியானம் பார்த்து கடல் கொந்தளிச்சுது. ஜன்னல்ல ஒரு நிமிஷம் வானம் மட்டும், அடுத்த நிமிஷம் தண்ணி மட்டும். அத்தை வாந்தி மாத்திரையைப் போட்டுட்டு கட்டை மாதிரி தூங்கிட்டாங்க, அம்மாவுக்குத்தான் தலை சுத்தல். ரூம் அண்ணன் வந்து, ஜன்னல் இல்லாத ரூம்னா கண்ணுக்கு அலை தெரியாது, அங்க படுக்கட்டும்னாரு. அம்மாவைப் பிடிச்சுக்கிட்டு லிஃப்ட், போட்டோ கடையெல்லாம் தாண்டி எங்க குகைக்குக் கூட்டிட்டு வந்தேன். அம்மா கீழ் கட்டில்ல சாய்ஞ்சாங்க. அப்பா வெளிய நழுவப் பார்த்தாரு, நான் கதவுல சாய்ஞ்சு உக்காந்துக்கிட்டேன். வேற வழியில்லாம ஏணியில ஏறி மேல போய் படுத்துக்கிட்டாரு. மூணு மணி வெயில், ஆனா விளக்கை அணைச்சா அந்த ரூம்ல உள்ளங்கை தெரியாது.

பத்து நிமிஷம் ஆகியிருக்கும். இருட்டுல திடீர்னு அம்மா குரல், அவங்க வேலை பார்க்குற ஆஸ்பத்திரி கவுன்டர்ல கூப்பிடுவாங்கல்ல, அதே குரல். "டோக்கன் நாப்பத்தி மூணு!"

எனக்குத் தூக்கி வாரிப்போட்டுச்சு. அம்மா இன்னும் சத்தமா, "நாப்பத்தி மூணு யாருங்க? வர்றீங்களா, அடுத்த ஆளைக் கூப்பிடவா?"

மேல் கட்டில்லேருந்து அப்பா, ரொம்பப் பணிவா, "வந்துட்டேன் மேடம்."

"புதுசா, பழசா?"

"பழசு மேடம்."

"என்ன தொந்தரவு?"

"இடது முழங்கால். கிளட்ச் மிதிச்சு மிதிச்சு."

"எலும்பு டாக்டர், ஆறாம் நம்பர் ரூம். இடிக்காம வரிசையில நில்லுங்க."

"சரிங்க மேடம்."

அடுத்து, "நாப்பத்தி நாலு!" அப்பா உடனே குரலை மாத்தி, கிழவி மாதிரி, "காது சரியா கேக்கலம்மா"ன்னாரு. "காது டாக்டர் வியாழக்கிழமைதான் வருவாரு, பாட்டி." "என்னம்மா சொன்ன?" "வியா-ழக்-கிழமை!" நான் வாயில என் துப்பட்டாவை அடைச்சுக்கிட்டேன். அப்புறம், "நாப்பத்தி அஞ்சு. என்ன தொந்தரவு?"

இந்தத் தடவை அப்பா குரலை மாத்தல. "தூக்கம் வரல மேடம்."

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷமா."

கப்பல் ஒருதடவை சாய்ஞ்சு நிமிர்ந்துச்சு. அப்புறம் அம்மா மெதுவா, "சரி, உக்காருங்க"ன்னாங்க. அதோட டோக்கன் கூப்பிடுறது நின்னுச்சு.

அப்பாவைக் கையைப் பிடிச்சு நடைபாதைக்கு இழுத்துட்டு வந்தேன். எல்லாத்தையும் கக்கிட்டாரு. அம்மாவை கவுன்டருக்கு மாத்தினதுலேருந்தே தூக்கத்துல டோக்கன் கூப்பிடுறாங்களாம், பதில் சொல்லலன்னா சத்தம் ஏறிட்டே போகுமாம், அதனால தினமும் இவரே நோயாளியா ஆஜராகியிருக்காரு. இதுவரைக்கும் சொல்லாத வியாதி இல்லையாம். அப்புறம்தான் இவருக்கு முதல் வண்டி டியூட்டி வந்துச்சு, மூணரைக்கு எந்திரிக்கணும். "தூக்கம் இல்லாம ஓட்டினா உள்ள உக்காந்திருக்குற அம்பது பேரு கதி என்னம்மா? நீ தூக்கத்துல கத்துறன்னு அவகிட்ட எப்படிச் சொல்றது, கூனிப்போயிடுவா. அதான் பழியை என் மூக்கு மேலயே போட்டுக்கிட்டேன்." கடைசியில ஹால்ல போய் படுத்தா, யாரும் கூப்பிடாம இவருக்குத் தூக்கமே வரலையாம்! இதுல உச்சம் என்னன்னா, நாலு மாசமா இவருக்குப் பகல் வண்டிதான். "அப்புறம் ஏம்ப்பா திரும்பி வரல?"ன்னேன். "குறட்டைன்னு சொல்லிட்டேனே. அது திடீர்னு எப்படி நின்னுச்சுன்னு சொல்றது?"ன்னு முழிக்கிறாருக்கா!

எனக்கு அந்த நடைபாதையிலேயே உக்காந்து ஓன்னு அழணும் போல இருந்துச்சு, சிரிப்புதான் வந்துச்சு. நெஞ்சுல வச்சிருந்த பாறாங்கல் அப்படியே உருண்டு கடல்ல விழுந்துச்சு. உடனே வழி சொல்லிக் கொடுத்தேன்: கடல் காத்து பட்டு குறட்டை நின்னுடுச்சு. முடிஞ்சுது கதை. யார் கேட்டாலும் அதான். நீயும் எதேச்சையா போன்ல, "கடல் காத்துக்குக் குறட்டை போகுமாமே"ன்னு எடுத்துவிடு. அம்மாவுக்கு மட்டும் நிஜம் தெரியவே கூடாது. இது என் நானூத்தி பன்னெண்டு ஃபாலோயர் மேல சத்தியம்.

இப்போதைய படுக்கை நிலவரம்: 8115-ல அம்மா கீழ, அப்பா மேல. 8114-ல வாத்துங்க பார்வையில நானும் அத்தையும், எனக்குக் கால் கட்டில். இடுப்பு போச்சு, ஆனா நிம்மதியா தூங்குறேன்.

மாமாவை விசாரிச்சேன்னு சொல்லு. உள்ள இருக்குற ஆளு பத்திரமா வந்து இறங்கி, ராவுல கத்தாம, நூறு வருஷம் நல்லா தூங்கி எந்திரிக்கட்டும்.

இப்படிக்கு,
நம்பரைத் தப்பா போட்டும் கரை சேர்த்த
உன் கேப்டன்

பி.கு.: அடியில அம்மாவுக்கு அரைப் பக்கம் இடம் விட்டிருக்கேன். மேல படிக்கக் கூடாதுன்னு கண்டிப்பா சொல்லியிருக்கேன். அவங்க எழுதினதும் வரவேற்பறைத் தபால் பெட்டியில அவங்களே போட்டுடுவாங்க.

கண்ணு, அம்மா எழுதுறேன். அடுத்தவங்க எழுதின ஃபார்மை எட்டு மணி நேரம் படிக்கிறதுதான் என் வேலை, என்னைப் போய் மேல படிக்காதேன்னா? உங்கப்பா குறட்டை விடமாட்டாருன்னு எனக்குக் கல்யாணமான மறுநாளே தெரியும். மூணரைக்கு எந்திரிக்கிற மனுஷன் தூங்கட்டும்னுதான் வாயைத் திறக்கல. பகல் வண்டி சங்கதிதான் என்கிட்டேருந்து மறைச்சுட்டாரு, அதை வீட்டுக்கு வந்து பேசிக்கிறேன். தூக்கத்துல நான் கூப்பிடுறது நிஜம். ஆனா அவரு "வந்துட்டேன் மேடம்"னதுமே எனக்கு முழிப்பு வந்துடும். அன்னைக்கு நாப்பத்தி மூணு மட்டும்தான் தூக்கத்துல. நாப்பத்தி நாலு சும்மா, அவரு கிழவி குரல் கேட்டு நாளாச்சேன்னு. நாப்பத்தி அஞ்சுக்குத்தான் எந்த ரூமுக்கு அனுப்புறதுன்னு தெரியாம முழிச்சேன். கடல் காத்து கதையை ராத்திரியே என்கிட்ட சொல்லிட்டாரு, நானும் நம்பிட்டேன், நீங்களும் நம்புங்க. நாப்பத்தி அஞ்சை அட்மிட் பண்ணியாச்சு. உடம்பைப் பார்த்துக்கோ.