பிரஷாந்தனுக்குத் தெரியக்கூடாது

"ரோல்ஸ் உள்ளுக்கு வராது, அன்ரி" என்று கன்ரீன் வாசலை மறித்துக்கொண்டு நின்றார் அருந்தவன்.

நாகலட்சுமி அன்ரி கையிலிருந்த தட்டோடு அவரை மேலும் கீழும் பார்த்தார். பென்டில் ஹில் சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலை தொடங்கிய நாளிலிருந்து இடைவேளைக்கு ஆட்டிறைச்சி ரோல்ஸ் சுட்டு வருவது அவர்தான். உயிரெழுத்து தலைகீழாய் நின்றாலும் வராத பிள்ளைகள்கூட அந்த ரோல்ஸுக்காக ஒரு சனிக்கிழமையும் தவறாமல் வருவார்கள்.

"ஏன் தம்பி, என்ர ரோல்ஸில என்ன பிழை?"

"பிள்ளையள் எல்லாம் உடம்பு வைக்குதுகள். இனிப் பழம் மட்டும்தான். பெற்றோர் சங்கத்தின்ர முடிவு."

"சங்கம் எப்ப கூடினது?"

"நான்தானே அன்ரி செயலாளர்."

சங்கம் கூடவேயில்லை. நடந்தது வேறு. போன கிழமை மனைவி யோகா மகன் பிரஷாந்தனை டொக்டர் விக்னராஜாவிடம் இருமலுக்குக் காட்டிவிட்டு வந்து, குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னாள்.

"இஞ்சேருங்கோ, இவனுக்கு வெயிட் கூடிட்டுதாம். இப்பவே கவனிக்கட்டாம் எண்டு டொக்டர் சொல்லுறார்."

அருந்தவனுக்கு நெஞ்சு பதறிவிட்டது. பிள்ளைக்குப் பத்து வயதுதான். அதுவரை ஆசையாய்க் கிள்ளிய கன்னம் அன்று முதல் அவரைப் பயமுறுத்தத் தொடங்கியது. அதைவிடப் பெரிய பயம், இது மகனுக்குத் தெரிந்துவிடுமோ என்பது. பள்ளிக்கூடத்தில் அவரையே 'பூசணி' என்று கூப்பிட்டவர்கள் உண்டு. அது எவ்வளவு வலிக்கும் என்று அவருக்குத் தெரியும்.

"அவனுக்கு மட்டும் சாப்பாட்டைக் குறைச்சால் ஏனெண்டு கேப்பான். எல்லாப் பிள்ளையளுக்கும் குறைச்சால் கேக்க மாட்டான்" என்றார் அருந்தவன்.

"ஓம். நீங்களும் குறைக்கவேணும். தகப்பன் வெட்டுறதைப் பார்த்துக்கொண்டு பிள்ளை எப்பிடி வாயைக் கட்டும்?" என்றாள் யோகா.

இப்படித்தான் ஒரு பாடசாலை முழுவதும் பத்தியத்தில் விழுந்தது.

முதல் சனிக்கிழமை எல்லோரும் முகத்தைச் சுளித்துக்கொண்டு வத்தகப்பழம் தின்றார்கள். அடுத்த சனிக்கிழமை இடைவேளையில் மண்டபத்தில் ஒரு பிள்ளையையும் காணவில்லை. பழத்தட்டுகளில் ஈக்கள் மட்டும் ஆரோக்கியமாய் உட்கார்ந்திருந்தன. அருந்தவன் பதறிக்கொண்டு வெளியே ஓடினார். கார் நிறுத்துமிடத்தில் பிரசன்னாவின் காருக்குப் பின்னால் நீளமாய் ஒரு வரிசை. பிரசன்னா பிள்ளைகளில் உயிரை வைத்திருக்கும் ஒரு தகப்பன். அவருடைய டிக்கி திறந்திருந்தது. பக்கத்தில் மடக்குக் கதிரையில் நாகலட்சுமி அன்ரி வீற்றிருந்தார்.

"அன்ரி, என்ன இது?"

"இது பாடசாலை இல்லைத்தானே தம்பி. இது பிரசன்னாவின்ர கார்."

கன்ரீனிலாவது ஆளுக்கு ஒன்று என்று கட்டுப்பாடு இருந்தது. டிக்கியில் அதுவும் இல்லை. பிரஷாந்தனுக்கு இரண்டு கையிலும் ரோல்ஸ்.

சாப்பாட்டை நிறுத்த முடியாவிட்டால் நடக்கவாவது வைப்போம் என்று முடிவுகட்டினார் அருந்தவன். வகுப்பு முடிய எல்லாப் பிள்ளைகளும் பூங்காவரை நடப்பது என்று வாட்ஸ்அப்பில் அறிவித்தார். அறிவித்ததுதான் தாமதம், தாய்மாருக்கு நித்திரை போய்விட்டது. வெயில் சுடும், மக்பை குருவி தலையில் கொத்தும், பிள்ளை களைத்துப்போகும்.

ஆகவே பிள்ளைகள் நடக்க, பின்னால் கார்கள் விளக்கை மினுக்கிக்கொண்டு ஊர்ந்து வந்தன. வழியில் தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவர் செத்த வீட்டு ஊர்வலம் என்று நினைத்துத் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டார். கார் ஜன்னல்களால் முதலில் தண்ணீர் வந்தது. பிறகு பிஸ்கட் வந்தது. பூங்காவை நெருங்கும்போது வடையும் வந்துவிட்டது. பிள்ளைகள் போனதைவிடக் கனமாகத் திரும்பினார்கள்.

"கார் போகேலாத பாதையாப் பாருங்கோ. நீங்கள் முன்னுக்கு ஓடினால் பிள்ளையளும் ஓடுவினம்" என்று யோசனை சொன்னாள் யோகா. புதுச் சப்பாத்துகூட வாங்கி வைத்திருந்தாள்.

ஓடைக்கரைப் பாதையில் அருந்தவன் முன்னால் ஓடினார். கொஞ்சத் தூரத்தில் பிள்ளைகள் முன்னால் ஓடினார்கள். இன்னும் கொஞ்சத் தூரத்தில் பிள்ளைகளைக் காணவில்லை. அவர் ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றபோது பிரஷாந்தன்தான் தண்ணீர்ப் போத்தலோடு திரும்பி ஓடிவந்தான்.

"ஆர் யூ ஓகே, அப்பா?"

"எனக்கென்ன, நீ ஓடு ராசா."

மகன் இப்படிப் போவதும் வருவதுமாய் இரட்டிப்புத் தூரம் ஓடுகிறான் என்பதில் அருந்தவனுக்கு உள்ளூரப் பெரிய சந்தோஷம். பிள்ளை இளைத்துவிடுவான் என்ற நம்பிக்கையோடு, வழுகும் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு சனிக்கிழமையும் பின்னால் ஓடினார்.

அதற்குள் வேறு பூதம் கிளம்பியது. இந்த மனிதர் யாருடைய பிள்ளையை மனதில் வைத்துக்கொண்டு இவ்வளவும் செய்கிறார் என்று ஆட்கள் கதைக்கத் தொடங்கினார்கள். கொஞ்சம் உருண்டையான பிள்ளையைப் பெற்ற ஒவ்வொருவரும் அது தங்கள் பிள்ளைதான் என்று தீர்மானித்துக்கொண்டார்கள். பிரசன்னா முகம் கொடுத்துக் கதைப்பதை நிறுத்தினார். கடைசியில் சங்கம் உண்மையாகவே கூடியது.

பிள்ளைகளை வீட்டில் விட ஆளில்லாததால் அவர்களும் மண்டபத்தின் பின்வரிசையில் இருந்தார்கள். முன்வரிசையில் டொக்டர் விக்னராஜா. அவருடைய மகள் வினுஷாவும் இங்கேதான் படிக்கிறாள்.

பிரசன்னா எழும்பினார். "எந்தப் பிள்ளையைப் பார்த்து இதைத் தொடங்கினீங்கள், அண்ணை? பேரைச் சொல்லுங்கோ."

"பொதுவாத்தான் தொடங்கினனான்."

"பொதுவா ஒருத்தரும் இந்த ஓட்டம் ஓடமாட்டினம்."

"சொல்லிப்போடும் தம்பி. நீர் சொல்லாட்டி எல்லாரும் தன்ர பிள்ளையெண்டு நினைச்சு மனம் வேகுதுகள்" என்றார் நாகலட்சுமி அன்ரி.

பின்வரிசையில் பிரஷாந்தன் ஃபோனில் விளையாடுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தான். உண்மை தெரிந்த இன்னொருவர் டொக்டர்தான். வாயைத் திறந்துவிடாதீர்கள் என்று அருந்தவன் கண்ணாலேயே அவரைக் கெஞ்சினார். டொக்டரோ தொண்டையைச் செருமிக்கொண்டு எழும்பினார்.

"நான் ஒண்டு சொல்லலாமோ?"

"இருங்கோ டொக்டர், நானே சொல்லுறன்" என்று பாய்ந்து முன்னால் வந்தார் அருந்தவன். "ஒரு பிள்ளைக்காகவும் இல்லை. எனக்காகத்தான்."

அவர் தன் தொப்பை வயிற்றைத் தட்டிக் காட்டினார்.

"என்ர வண்டியைப் பாருங்கோ. படி ஏறினால் மூச்சு வாங்குது. தனிய ஓட வெக்கமாக் கிடந்தது. அதுதான் பிள்ளையளைச் சாட்டினனான். உங்கட பிள்ளையளில ஒரு குறையும் இல்லை. செயலாளர் பதவியை வேற ஆருக்கும் குடுங்கோ."

அவர் மனதாரச் சொன்ன பொய் அது. சொல்லி முடித்துப் பின்வரிசையைப் பார்த்தார். பிரஷாந்தன் மறுபடியும் ஃபோனில் மூழ்கியிருந்தான். அருந்தவனுக்குக் கண் கலங்கிவிட்டது. பிள்ளையின் முகம் வாடவில்லை, அது போதும்.

பிரசன்னா வந்து தோளை அணைத்துக்கொண்டார். "இதை முதலே சொல்லியிருக்கலாமே, அண்ணை. நாங்களும் உங்களோட ஓடியிருப்பமே." யாரோ கை தட்டினார்கள். பதவியும் தப்பியது.

அருந்தவன் டொக்டருக்குப் பக்கத்துக் கதிரையில் பொத்தென்று உட்கார்ந்து, காதோடு காதாகச் சொன்னார்.

"ஒருமாதிரிச் சமாளிச்சிட்டன், டொக்டர். அவனுக்குத்தான் வெயிட் எண்டது அவனுக்குத் தெரியாமலே போச்சு."

டொக்டர் யோகாவைப் பார்த்தார். யோகா கூரையில் சுழன்ற மின்விசிறியைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பிரஷாந்தனுக்கு வெயிட் சரியாத்தான் இருக்கு, அருந்தவன்" என்றார் டொக்டர். "அண்டைக்கு யோகா என்னட்டை வந்து கேட்டது, உங்களை எப்பிடி நடக்கப் பண்ணுறது எண்டுதான்."