அழிந்த கோப்பில் இருந்த ஆள்

லிஃப்ட் ஆய்வாளர் அந்தச் சனிக்கிழமை ஒரு மாபெரும் முடிவுக்கு வந்தார். மனைவியின் கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்துவிடுவது. ஊரில் உள்ள லிஃப்டுகளில் குறை கண்டுபிடிப்பது அவர் உத்தியோகம். அவரிடம் குறை கண்டுபிடிக்கும் வேலையை மனைவி சம்பளமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நாளாவது அவள் வாயால் நல்ல பேர் வாங்கிவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை.

அவள் சமையலறைகளுக்கு வரைபடம் போட்டுக் கொடுப்பவள். அன்று அளவெடுக்க வெளியே போயிருந்தாள். இவர் உட்கார்ந்தார். 'பழசு' என்று ஒரு ஃபோல்டர் கண்ணில் பட்டது. பழசு எதற்கு? அழித்தார். குப்பைத்தொட்டியையும் காலி செய்தார். கையைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்தபோது போன் அடித்தது.

“என்ன பண்றீங்க?”

“சும்மாதான் இருக்கேன்.”

“அப்படியே இருங்க. கம்ப்யூட்டர்ல 'பழசு'ன்னு ஒரு ஃபோல்டர் இருக்கும். திங்கட்கிழமை காட்ட வேண்டிய படமெல்லாம் அதுலதான். தொட்டுடாதீங்க.”

“புதுசுக்கு எதுக்கு பழசுன்னு பேரு?”

“பழசுன்னா யாரும் சீண்ட மாட்டாங்கன்னுதான். ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு?”

“எப்படி இருக்கு?”

“கீழே போற லிஃப்ட் மாதிரி இருக்கு” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

கோப்பு போனது தெரிந்தால் கைக்குக் காப்புதான். வியர்த்துக்கொட்ட, அழிந்ததைத் தோண்டி எடுக்கும் மென்பொருள் ஒன்றைத் தேடிப் பிடித்து ஓடவிட்டார். வெளியே மழை மூட்டம். மாடி வீடு. கீழ் வீட்டிலும் ஆளில்லை. திரையில் ஒவ்வொன்றாகக் கோப்புகள் எழுந்துவந்தன. பேர் எல்லாம் போய், வெறும் எண்களாக.

ஒன்றைத் திறந்தார். வரைபடம் இல்லை. வீடியோ.

அவர் வீட்டுச் சாப்பாட்டு அறை. யாரும் இல்லை. மேஜை, நாற்காலி, சுவர். அவ்வளவுதான். கொஞ்ச நேரம் அப்படியே ஓடியது. பிறகு எங்கிருந்தோ ஒரு சுரண்டல் சத்தம். கண்ணாடியை உலோகம் சுரண்டுவது போல. நின்றது. மறுபடியும் சுரண்டியது. அவர் திரும்பி நிஜமான சாப்பாட்டு அறையை எட்டிப் பார்த்தார். நாற்காலிகள் நல்லபிள்ளைகளாக நின்றன.

அடுத்ததைத் திறந்தார். பாதிப் படம் சாம்பல் பூத்துக் கிடந்தது. மீதிப் பாதியில் ஒரு ஆண். முதுகு மட்டும். சுவரில் மூக்கு இடிக்கிற மாதிரி, சுவரைப் பார்த்தபடி நின்றான். கையில் ஜாம் பாட்டில். ஸ்பூன் உள்ளே போய்ப் போய் வந்தது.

ஆய்வாளருக்குப் பயம் போய்ச் சந்தோஷம் வந்தது. மைத்துனன்! வேலை தேடி வந்து தங்கியிருந்த மனைவியின் தம்பி. பாட்டில் பாட்டிலாக ஜாம் மாயமானபோது, “வீட்ல ஆள் கூடுது, பாட்டில்ல ஜாம் குறையுது, என்ன விசித்திரமோ” என்று இவர்தான் சாப்பாட்டு மேஜையில் போட்டு உடைத்தார். அவன் மறுநாளே பெட்டியைக் கட்டிவிட்டான். அக்காக்காரி அன்றிலிருந்து இவருக்குத் தட்டை வைக்கும்போது சத்தம் கொஞ்சம் கூடியிருந்தது. இதோ, கையும் களவுமாக, பாட்டிலும் ஸ்பூனுமாக.

அப்போதுதான் படத்தின் மூலையில் இருந்த தேதி தெரிந்தது. அவன் போனதற்கு அடுத்த வாரம்.

அன்று மதியம் வீட்டில் இருந்தது இவர் ஒருவர்தான். உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தார். அப்படியானால் இவர் தூங்கும்போது வெளியே சுவரைப் பார்த்து நின்றது யார்?

மூன்றாவதைத் திறக்கக் கை வரவில்லை. திறந்தார்.

முதுகு மெதுவாகத் திரும்பியது. நடந்து நடந்து கேமராவின் பக்கத்தில் வந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் எதையும் பார்க்கவில்லை. உதட்டோரம் சிவப்பு.

அவருடைய முகம்.

அது உதட்டில் விரலை வைத்தது. “உஷ்,” என்றது. “உள்ளே ஒருத்தர் தூங்கறார்.”

ஆய்வாளர் எழுந்தார். உள்ளறைவரை அடிமேல் அடி வைத்துப் போய், கட்டிலை எட்டிப் பார்த்தார். கட்டில் காலியாகத்தான் இருந்தது. இருந்தும் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வந்தார்.

மனைவி வந்தபோது அவர் சுவரோரம் முதுகை ஒட்டி உட்கார்ந்திருந்தார்.

“உன் படமெல்லாம் போச்சு.”

“போகலை. நேத்தே வேற இடத்துக்கு மாத்திட்டேன். நேத்து நீங்க கம்ப்யூட்டரைப் பார்த்த பார்வையே சரியில்லை.”

“அப்ப 'பழசு'ல இருந்தது?”

“நீங்க பார்த்ததுதான்.” அவள் கைப்பையை ஆணியில் மாட்டினாள்.

“அது நானா?”

“மதியம் நீங்க கண்ணசந்தா அவர் எழுந்து வந்துடறார். பயப்படாதீங்க. டாக்டர்கிட்ட கேட்டுட்டேன். தூக்கத்துல நடக்கறது குணமாகுமாம். புதன்கிழமை போறோம்.”

“எனக்குப் பயமா இருக்கு.”

“எனக்கும் முதல்ல இருந்துச்சு. பார்க்கப் பார்க்கப் பழகிடுச்சு. சாப்பிட்ட ஸ்பூனை அவர் கழுவி வச்சுடறார். உங்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை.”

“முன்னாடியே காட்டியிருக்கலாமே?”

“காட்டினா ஜோடிச்சதுன்னு சொல்லியிருப்பீங்க. நான் சொல்லி இதுவரைக்கும் எதை ஒத்துக்கிட்டீங்க? நீங்களே அழிச்சு, நீங்களே தோண்டி எடுத்தா மறுக்க முடியாதில்ல? அதுக்குத்தான் போன்ல அப்படிச் சொன்னேன்.”

ஊர் லிஃப்டையெல்லாம் நிறுத்தி வைத்த மனிதர், நடுவில் நின்றுபோன லிஃப்ட் மாதிரி உட்கார்ந்திருந்தார். அவள் போனை நீட்டினாள். யாருக்கு என்று அவர் கேட்கவில்லை.

“தம்பி, நான்தான். அந்த ஜாம் விஷயம்... அது நீ இல்லைப்பா. தப்பா பேசிட்டேன். மனசுல வச்சுக்காதே, கிளம்பி வா.”

“பரவாயில்லை மாமா,” என்றான் மைத்துனன். “ஊருக்குப் போறப்ப கேமராவை மாட்டிட்டுப் போனதே நான்தானே.”