மாமா தின்ற மலைச்செடி

என் மாமாவுக்கு நான் நஞ்சு கொடுத்துவிட்டேன் என்று ஒரு புதன்கிழமை பின்னேரம் முழுவதும் நம்பிக்கொண்டிருந்தேன். கொடுக்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாசிப்பவர்களாவது நிம்மதியாக வாசிக்கட்டும்.

எண்பதுகளின் தொடக்கம். கல்முனையில் விஞ்ஞானம் படிப்பிக்கும் புது மாஸ்டர் நான். புது மாப்பிள்ளையும் கூட. எங்கள் பக்கத்து வழக்கப்படி பெண் வீட்டில் குடியேறி எட்டு மாதம் ஆகியிருந்தது. மனைவி மசூதா, மாமி, மாமா உதுமாலெவ்வைப் போடியார், நான். மாமாவுக்கு நாவிதன்வெளிப் பக்கம் வயல் இருந்தது. சிறுநீரகத்தில் கல்லும் இருந்தது. வயலைப் பார்க்க நாள்தோறும் போவார். கல்லைக் காட்ட ஆசுபத்திரிக்கு மட்டும் போகமாட்டார். அங்கே போனால் கிழித்துவிடுவார்கள் என்று பயம். நோவு வந்தால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுப்பார். மசூதா அழுவாள், மாமி கெஞ்சுவார். அவர் அசையமாட்டார்.

அந்த நாட்களில் எனக்கு ஸ்கொட்லாந்தில் ஒரு பேனா நண்பர் இருந்தார். ஓய்வுபெற்ற தபால் அதிபர். தன் வீட்டுப் பின்புறத்தில் கற்களை அடுக்கி, உயர்ந்த மலைகளில் வளரும் செடிகளை வளர்ப்பவர். சக்ஸிஃப்ரேஜ் என்ற குடும்பத்தின்மேல் அவருக்குப் பைத்தியம். கடிதத்துக்குக் கடிதம் அதைப் பற்றியே எழுதுவார். ஒருநாள் மூன்று சிறு பொட்டலங்களில் விதையும் ஒரு படப்புத்தகமும் அனுப்பிவைத்தார். ‘உங்கள் நாட்டில் வளருமா தெரியாது’ என்று எழுதியிருந்தார். (அந்த மனிதர் மரியாதைக்காகச் சொன்னதை நான் சவாலாக எடுத்துக்கொண்டேன்.)

பனி உருகும் மலையிடுக்கில் வளரும் செடியைக் கடற்கரை மணலில் வளர்க்க நான் செய்த வேலைகளைச் சொன்னால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. முதலில் கல் வேண்டும். கல்முனையில் தோண்டத் தோண்ட மணல்தான் வரும். வயலுக்குப் போன டிரக்டரில் வாய்க்கால் ஓரத்துக் கற்களை மண்ணோடு அள்ளி வரச் செய்து, முற்றத்தில் பாத்தி கட்டினேன். வீட்டுக்கு அத்திவாரம் போடப்போகிறேன் என்று அயலவர்கள் நினைத்தார்கள். அடுத்தது குளிர். முளைக்குமுன் விதை சில வாரம் குளிரில் கிடக்க வேண்டும் என்று புத்தகம் சொன்னது. விதையைத் தூவி, மீன் சந்தையில் ஐஸ் வாங்கிவந்து காலையும் மாலையும் பாத்தியின்மேல் கொட்டினேன். மீன் வாடைக்குத் தெருவிலிருந்த பூனைகள் எல்லாம் வந்து பாத்தியைச் சுற்றிக் குந்திக்கொண்டன. மாமி பூனைகளுக்கு ஒரு கோப்பையில் தண்ணீர் மட்டும் வைத்தார்.

ஐந்தாம் கிழமை பச்சை தெரிந்தது. நான் பாத்தியருகே முழந்தாளிட்டுப் படப்புத்தகத்தை விரித்தேன். வட்ட இலை: சரி. விளிம்பில் பல்: சரி. தரையோடு ஓடும் தண்டு: சரி. இந்தக் குடும்பத்தில் சில வகைகள் இலை விளிம்பில் சுண்ணாம்பைக் கசியவிட்டு வெள்ளைப் புள்ளிகளாகக் காட்டும் என்றும் எழுதியிருந்தது. உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தேன். வெள்ளைப் புள்ளிகள் இருந்தன! தகரத்தை வெட்டி, பெயரை ஆங்கிலத்தில் பெயின்ரால் எழுதி நட்டுவைத்தேன். ஸ்கொட்லாந்துக்கு நாலு பக்கக் கடிதம் போனது.

மாமா அந்தப் பாத்திக்குப் பக்கத்தில்தான் கதிரை போட்டு வெற்றிலை போடுவார். பெயர்ப் பலகையைப் பார்த்து ஒருநாள் அர்த்தம் கேட்டார். கேட்க ஆள் கிடைத்தால் விடுவேனா? லத்தீன் மொழியில் ‘கல்லை உடைப்பது’ என்று அர்த்தம், அந்தக் காலத்து வெள்ளைக்காரர் சிறுநீர்க் கல்லுக்கு இதை மருந்தாகக்கூடக் கொடுத்தார்கள் என்று விளக்கினேன். அது வெறும் நம்பிக்கை என்பதையும் சொல்லியிருக்க வேண்டும். அதற்குள் மசூதா தேநீருக்குக் கூப்பிட்டுவிட்டாள்.

புதன்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பாத்தி மொட்டையாகக் கிடந்தது. கற்களும் தகரப் பலகையும்தான் மிச்சம். பூனைகள்தான் செய்திருக்க வேண்டும் என்று நான் சத்தம் போட, மாமா கதிரையில் இருந்தபடியே நிதானமாகச் சொன்னார்:

“பூனை இல்ல, மருமகன். நான்தான் புடுங்கித் திண்டன். வேரோட.”

ஓடிப்போய் விதைப் பொட்டலத்தை எடுத்துப் பார்த்தேன். அடியில் பொடி எழுத்தில், பூஞ்சணம் பிடிக்காமலிருக்க விதையில் மருந்து தடவியிருக்கிறது, மனிதரோ மிருகமோ உண்ணக்கூடாது என்றிருந்தது. விசயத்தைச் சொன்னேன். அவருக்குச் சாகும் நேரத்துக் கலிமா வாயில் வந்துவிட்டது. ஆசுபத்திரி என்றால் மூச்சு விடாத மனிதர் தானாகவே எழுந்து சேட்டை எடுத்து மாட்டிக்கொண்டார்.

பக்கத்து வீட்டு மொறிஸ் மைனர் காரில் போனோம். மாமி அஸர் தொழுதுகொண்டிருந்தார். அவருக்குச் சொல்லி அழைத்துவரும்படி பக்கத்து வீட்டில் கேட்டுக்கொண்டு, மசூதாவும் எங்களோடு ஏறினாள். வழியெல்லாம் மாமா ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி மன்னித்துக்கொண்டு வந்தார். வயல் எல்லையில் சண்டை பிடித்தவர், உறவை முறித்த தம்பி, எல்லாருக்கும் மன்னிப்புக் கிடைத்தது. கடைசியில் என் கையைப் பிடித்தார்.

“மருமகன், உங்களையும் மன்னிச்சிட்டன். எண்ட புள்ளைய நல்லாப் பாத்துக்கங்க.”

மசூதா பின்சீற்றிலிருந்து என்னைப் பார்த்த பார்வையில் அந்த மன்னிப்பு இருக்கவில்லை.

டொக்டர் யாழ்ப்பாணத்து இளைஞர். மாமாவுக்கு உப்புத் தண்ணீர் கொடுத்து ஓங்காளிக்கச் செய்துகொண்டே, என்ன செடி என்று கேட்டார். நான் பெயரைச் சொன்னேன். அவர் கேள்விப்பட்டதே இல்லை. படப்புத்தகத்தை நீட்டினேன், பனிமலைப் படங்களைப் பார்த்து என்னையும் ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். இலை ஒன்றாவது வேண்டும் என்றார். எல்லாம் மாமாவின் வயிற்றுக்குள் போயிருந்தது. சுவரில் சாய்ந்து நின்றேன். எட்டு மாத மாப்பிள்ளை, உயிர்போன மாமாவின் மையத்தோடு ஊர் திரும்பும் காட்சி கண்முன் ஓடியது.

அப்போது மாமி வந்து சேர்ந்தார். கையில் சந்தைக்குக் கொண்டுபோகும் பன்னை உமல். அதிலிருந்து ஒரு பிடி இலையை எடுத்து மேசையில் வைத்தார்.

“வல்லாரை, டொக்டர். அந்தப் பாத்தியில கிடந்ததுதான். நேத்துச் சம்பலுக்கு ஆஞ்சதில மிச்சம்.”

டொக்டர் இலையைக் கசக்கி முகர்ந்தார். சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார். நான் விடவில்லை. அப்படியானால் இலை விளிம்பில் இருந்த வெள்ளைப் புள்ளிகள் என்ன என்று கேட்டேன். (எவ்வளவு பெரிய மடையன் என்பதை முழுசாகத் தெரிந்துகொள்ளும் ஆசை சிலருக்கு உண்டு.)

மாமி குரலைத் தாழ்த்தினார். “அது மாமா வெத்திலைக்குச் சுண்ணாம்பு தடவிப்போட்டு அந்த இலையில விரலைத் துடைக்கிற, மகன்.”

வாய்க்கால் மண்ணோடு வந்த வல்லாரை வேர்தான் முளைத்திருந்தது. ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டேன். “நீங்க படிச்ச மனிசன். பலகையெல்லாம் எழுதி வெச்சிரிக்கீங்க. நான் குறுக்கால கதைக்கிற எப்படி?” என்றார். நேற்று நான் இரண்டு முறை கேட்டு வாங்கித் தின்ற சம்பல் அது.

ஆசுபத்திரி விறாந்தையில் அப்படியே குந்தினேன். அவமானம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது மூச்சு. மாமா சாகமாட்டார். நான் கொலைகாரன் இல்லை. மசூதா பக்கத்தில் வந்து குந்தி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாள் என்று நினைத்துத் தோளைத் தொட்டேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

மாமா எழுந்து சேட்டுப் பொத்தானைப் பூட்டினார். டொக்டர் விடவில்லை. வந்தது வந்துவிட்டீர்கள், இடுப்பு நோவையும் ஒருக்கால் பார்ப்போம் என்று கட்டிலில் மறித்துவிட்டார். ஒரு மணி நேரத்துக்கு முன் செத்துப் போகத் தயாராயிருந்த மனிதருக்கு மறுக்க வாய் வரவில்லை. அந்த மாதமே மட்டக்களப்பில் சத்திரசிகிச்சை நடந்தது. எலுமிச்சங்கொட்டை அளவில் ஒரு கல். மாமா அதன்பிறகு சுருண்டு படுக்கவேயில்லை.

வீடு திரும்பிய மறுநாள் என்னைத் தனியே கூப்பிட்டார். திட்டு விழப்போகிறது என்று போனேன். அவரோ என் தோளில் தட்டினார்.

“எல்லாம் எனக்கு விளங்கிற்று. கல்லு ஏத்தினது, ஐஸ் கொட்டினது, பேர்ப் பலகை வெச்சது, என்னைத் தின்னப் பண்ணினது. நேரா ஆசுபத்திரிக்கு வாங்க எண்டா நான் வரமாட்டன் எண்டு தெரிஞ்சுதானே செஞ்சீங்க?”

நான் வாயைத் திறந்தேன். கதவோரம் நின்ற மாமி, வேண்டாம் என்று தலையாட்டினார். வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்த இருபது வருடம் மாமா அந்தக் கதையைப் பள்ளிவாசலிலும் தேநீர்க் கடையிலும் கலியாண வீடுகளிலும் சொன்னார். ஊரில் பிடிவாதக்காரரை மடக்க வேண்டுமென்றால் என்னிடம் யோசனை கேட்க ஆட்கள் வந்தார்கள். மாமாவும் மாமியும் மௌத்தாகி வருசங்கள் ஆகின்றன. பெருநாளுக்குக் கூடும்போது பிள்ளைகள் இன்றும் அந்தக் கதையைத்தான் தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்கிறார்கள். நானும் தாடியைத் தடவிக்கொண்டு கேட்கிறேன்.

உண்மையை எழுதிவிடுவோம் என்று இதை எழுதி மசூதாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் வாசித்தாள்.

“நல்லா இரிக்கி,” என்றாள். “வெளிய குடுக்காதீங்க. வீட்டில உங்களை மதிக்கிறதுக்கு வாப்பா சொன்ன கதை ஒண்டுதான் கிடக்கு.”