சாக மறுத்த ஒற்றன்

“அந்தச் சொல்லை என்ர மனிசன் சொல்ல மாட்டார், மாஸ்டர்.”

அன்னமலர் மேடை நடுவில் இடுப்பில் கைவைத்து நின்றாள். அவளுடைய மனிசன் சுவாம்பிள்ளை, 1939இல் வார்சோ நகரத்து ஒற்றன், புலம்பெயர்ந்த தமிழர் கூடும் நோபல் பார்க் மண்டபத்துக் கதிரையில் இருந்து பட்டிஸ் தின்றுகொண்டிருந்தார்.

தேவராஜா பெருமூச்சு விட்டார். வரலாறு படிப்பித்து ஓய்வுபெற்றவர். நாடகம் அவருடையதல்ல, போன வருடம் காலமான மனைவி சிவகௌரி எழுதியது. அவள் எழுதிய ஒரே நாடகம். அதை ஒரு சொல்லும் மாறாமல் மேடையேற்றிவிட வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு இப்போது வேறு ஆசை இல்லை.

கதை சின்னதுதான். போருக்கு முந்திய வாரம் ஒற்றன் மனைவியிடம் “நான் போறன்” என்று விடைபெற்றுக் கிளம்புகிறான். எல்லையில் ஜெர்மன் அதிகாரி அவனைச் சுட்டுக்கொல்கிறான்.

“வாற மாசம் இவருக்கு நெஞ்சில ஒப்பரேசன். வாசல்ல நிண்டு ‘போறன்’ எண்டு சொல்லுறதே?”

“தங்கச்சி, இது வார்சோ. அங்க ஒருத்தரும் ‘போட்டு வாறன்’ எண்டு சொல்லுறேல்லை.”

“அதுதானே அவையளுக்குச் சண்டை வந்தது.”

தேவராஜா இத்தனை வருடம் படிப்பித்த வரலாற்றில் இந்தக் காரணம் மட்டும் இருந்ததில்லை. ஒரு சொல்தானே என்று விட்டுக்கொடுத்தார்.

அடுத்த ஒத்திகையில், குண்டு பட்ட சுவாம்பிள்ளை விழாமல் நின்றார்.

“விழுங்கோ அண்ணை!”

“போட்டு வாறன் எண்டு சொல்லிப்போட்டு எப்பிடி விழுறது, மாஸ்டர்? அவள் சமைச்சு வைச்சுக்கொண்டு இருப்பாளெல்லே.”

சரி, குண்டு தோளில் படட்டும் என்றார் தேவராஜா. இப்போது அதிகாரி பிரதீப்குமார் முறுக்கிக்கொண்டான். இந்த வேஷத்துக்கென்றே டண்டினோங் சந்தையில் முழங்கால் வரை வரும் சப்பாத்து வாங்கியவன் அவன்.

“இவ்வளவு கிட்ட நிண்டு சுட்டும் ஆள் சாகேல்லை எண்டா, சனம் என்னைப் பாத்துச் சிரிக்கும்.”

“அப்ப துவக்கு வெடிக்கேல்லை எண்டு வைப்பம்.”

“பிறகு நான் என்ன செய்யிறது? இந்தச் சப்பாத்தோட சும்மா நிக்கிறதோ?”

“ஆளைத் துரத்திக்கொண்டு போ! வீட்டு வாசல்ல வைச்சுப் பிடி!”

அப்படிச் சொன்னதுதான் வினையாயிற்று.

நாடகத்தன்று ஒற்றன் மூச்சுவாங்க வீட்டுக்குள் ஓடிவந்தான். பின்னாலேயே அதிகாரி வந்து, வாசலில் சப்பாத்தை ஓங்கி அடித்து நின்றான். அன்னமலர் அலற வேண்டிய இடம். அவளோ வந்தவனை மேலும் கீழும் பார்த்தாள். வீடு தேடி வந்த ஆளை வாசலில் நிற்கவைத்துப் பழகாதவள்.

“வாங்கோ தம்பி. சப்பாத்தைக் கழட்டிப்போட்டு உள்ளுக்கு வாங்கோ. தேத்தண்ணி போடட்டே?”

பிரதீப்குமார் தன் சப்பாத்தைப் பார்த்தான். பிறகு கழற்றினான். கதிரையில் இருந்தான். இருந்தபின் கேட்காமல் விட முடியுமா?

“அன்ரி, நீங்கள் ஊரில எவடம்?”

“பேசாலை. தம்பி?”

“எங்கட அம்மாவும் பேசாலைதான்!”

மண்டபம் சிரிப்பில் குலுங்கியது. ஜெர்மனியும் போலந்தும் சொந்தம் விசாரித்துக்கொண்டிருக்கத் திரை விழுந்தது. போர் தொடங்கவேயில்லை.

கைதட்டல் ஓயவில்லை. தேவராஜா மேடைக்குப் பின்னால் சுவரைப் பார்த்து நின்றார். சிவகௌரியைத்தான் காப்பாற்ற முடியவில்லை. அவள் எழுதியதையாவது காப்பாற்றியிருக்கலாம்.

திரைக் கயிற்றை இழுத்த நாகேஸ்வரி, சிவகௌரியின் சிநேகிதி, கண்ணைத் துடைத்தபடி வந்தாள்.

“குறை நினையாதேங்கோ நாகேஸ். கௌரியின்ர நாடகத்தை நாசமாக்கிப்போட்டன்.”

“என்ன விசர்க்கதை, மாஸ்டர்? அவள் முதல்ல எழுதினதில அவன் வீட்டுக்குத் திரும்பி வந்தவன். வரலாறு பிழையெண்டு நீங்கள் சிரிப்பியள் எண்ட பயத்திலதான் பிறகு சாகடிச்சவள்.”