கரடியின் கடைவாய்ப் பல்லும் அதிவேக ரயிலும்

ஒரு காட்டில், ரயில் எப்படி இருக்கும் என்றே யாருக்கும் தெரியாத ஒரு காட்டில், அதிவேக ரயில் விடப்போவதாக அறிவிப்பு வந்தது. சாதா ரயிலே வராத இடத்துக்கு அதிவேக ரயில் எதற்கு என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்கிறவர்களுக்குக் கதை சொல்ல எனக்குப் பொறுமை கிடையாது.

அந்தக் காட்டை ஒரு பெரிய பள்ளம் இரண்டாகப் பிரித்திருந்தது. இந்தப் பக்கம் கீழக்காடு, அந்தப் பக்கம் மேலக்காடு. நடுவில் ஒரு மூங்கில் பாலம். அதைக் கட்டிக் காப்பாற்றி வந்தவை மேலக்காட்டுக் குரங்குகள். கீழக்காட்டில் ஓர் எருமை வண்டி ஓடியது. கீழக்காட்டு எல்லைக்கு வெளியே இருந்த சிங்கராஜாவின் குகை வாசலில் கிளம்பி, கீழக்காடு முழுக்கச் சுற்றி, பாலத்தடியில் கொண்டுபோய் இறக்கிவிடும். இழுத்தது வெள்ளைச்சாமி என்கிற எருமைக்கடா. ஆள் கருகருவென்று இருக்கும், பெயர் மட்டும் அப்படி.

கீழக்காட்டில் அய்யாவு என்று ஒரு கரடி இருந்தது. தேனைத் தின்று தின்று கடைவாய்ப் பல்லைச் சொத்தை ஆக்கி வைத்திருந்தது. ஐயோ, அந்த வலி பகையாளிக்கும் வரக்கூடாது. காதுக்குள் குத்தும், கண்ணில் தண்ணீர் கொட்டும், கன்னத்தில் ஈ உட்கார்ந்தாலும் உயிர் போகும். பல் பிடுங்கத் தெரிந்தவர் மொத்தக் காட்டுக்கும் ஒருவர்தான், மேலக்காட்டு முள்ளம்பன்றி செங்கோடன் வைத்தியர். வேண்டிய கருவியெல்லாம் அவர் முதுகிலேயே இருந்தது. ஆனால் அவரிடம் போக எருமை வண்டியில் அல்லவா ஏற வேண்டும்? வண்டி ஒரு கல்லில் ஏறி இறங்கினாலே அய்யாவு போடுகிற கூச்சலில் தேனீக்கள் கூட்டைக் காலி செய்துவிடும். ஒவ்வொரு தடவையும் பாதி வழியில் இறங்கி, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடும்.

இந்தச் சமயத்தில்தான் சிங்கராஜா குகைமேல் ஏறி நின்று கர்ஜித்தார்.

"கஜானாவில் ஒரே ஒரு ரயிலுக்குத்தான் பணம் இருக்கிறது. கீழக்காடா, மேலக்காடா? எது ரொம்பப் பாவப்பட்ட பகுதியோ அதற்குத்தான் ரயில். ஆய்வுக்குழு நேரில் வந்து பார்க்கும்!"

குழுவுக்குத் தலைவராக ஓர் ஆமையாரைப் போட்டார்கள். அதிவேகத்தால் அவருக்குச் சொந்த லாபம் எதுவும் இல்லை, ஆகவே நடுநிலையாக இருப்பார் என்று காரணம் சொன்னார்கள். நியாயம்தான்.

கீழக்காட்டில் உடனே ஒரு ரயில் கோரிக்கைக் குழு முளைத்தது. தலைவர் யார் என்று நான் சொல்ல வேண்டுமா? நரி தங்கராசுதான். அது நேரே அய்யாவு வீட்டுக்கு வந்தது.

"அண்ணே, அந்த ரயில்ல ஒரு குலுக்கல் கிடையாதாம். சட்டி நிறையத் தேனை வச்சாலும் ஒரு சொட்டு சிந்தாதாம். கண்ணை மூடித் திறந்தா செங்கோடன் வைத்தியர் வாசல்ல நிக்கலாம்."

"நெசமாவா?" என்றது கரடி.

"என் வால் மேல சத்தியம்."

அவ்வளவுதான். ரயில் கிடைத்தால் பல் போகும், பல் போனால் வலி போகும் என்று அய்யாவு அந்த நிமிடமே முடிவு கட்டிவிட்டது.

முதலில் வரவேற்பு வளைவு, தோரணம், தங்கராசு கைகூப்பிச் சிரிக்கும் பெரிய பிளக்ஸ் என்று ஏற்பாடெல்லாம் தடபுடலாகத்தான் நடந்தது. அப்புறம்தான் நரிக்கு உறைத்தது.

"அட மண்டூகங்களா! பாவப்பட்ட பகுதிக்குத்தான்யா ரயில். இப்படிக் கல்யாண வீடு மாதிரி ஜோடிச்சு வச்சா எவன் தருவான்? எல்லாத்தையும் கழட்டுங்க!"

கழற்றினார்கள். மயில்களைத் தோகையை மடக்கி வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். கொழுத்த காட்டுப்பன்றிகளை வயிற்றை உள்ளே இழுத்துப் பிடிக்கப் பழக்கினார்கள். முயல்கள் ஒரு மூலையில் உட்கார்ந்து இருமிப் பார்த்துக்கொண்டன. ஊரே பார்க்கச் சகிக்காமல் ஆனபிறகும் நரிக்குத் திருப்தி வரவில்லை.

"இன்னும் ஒண்ணு உறுத்துது. இந்த எருமை வண்டி. வண்டி ஓடுற ஊருக்கு ரயில் எதுக்குன்னு கேட்டா என்ன சொல்றது?"

வெள்ளைச்சாமி அசைபோடுவதை நிறுத்தியது. "அப்ப என் கதி?"

"உனக்கு விருப்ப ஓய்வு."

"எனக்கு விருப்பம் இல்லையே."

"அதெல்லாம் குழு பார்த்துக்கும்."

அய்யாவுக்குக்கூட லேசாகச் சந்தேகம் வந்தது. "தம்பி, வண்டி போயிட்டா, ரயில் வர்ற வரைக்கும் என்ன பண்றது?"

"ரயில் வந்துட்டா வண்டி எதுக்குண்ணே?" என்றது நரி.

கேட்டதற்கு இது பதிலே இல்லை. ஆனால் பல்வலிக்காரனுக்கு யோசிக்க ஏது தெம்பு? அய்யாவே தோளைக் கொடுத்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்ப் பள்ளத்தில் உருட்டிவிட்டது. வண்டி விழுந்த அதிர்ச்சியில் பல் விண்ணென்று தெறித்தது. எல்லாரும் கைதட்டினார்கள். வெள்ளைச்சாமி போய்க் குட்டையில் படுத்துக்கொண்டது.

இதைப் பார்த்த கிளி ஒன்று மேலக்காட்டுக்குப் பறந்து போய் ஒன்றுவிடாமல் ஒப்பித்தது. இந்தக் கிளிக்கு வேறு வேலை கிடையாது. குரங்குத் தலைவர் மாரப்பன் தலையில் அடித்துக்கொண்டது.

"அவனுங்க வண்டியவே தள்ளிட்டானுங்களாமா! நாம இன்னும் பாலத்தை வச்சுக்கிட்டுப் பவுசு காட்டிட்டு இருக்கறோம். அறுங்கடா கயித்தை!"

"ஏனுங்க, என்கிட்ட வர்ற நோயாளிக எப்படி வருவாங்க?" என்று செங்கோடன் வைத்தியர் குறுக்கே வந்தார்.

"ரயில்ல வருவாங்க" என்றது மாரப்பன். பாலம் பள்ளத்தில் விழுந்தது.

ஆய்வு நாள் வந்தது. ஆமையார் குகை வாசலில் எருமை வண்டிக்காகக் காத்திருந்தார். நெடுநேரம் காத்திருந்தார்.

"வண்டி இல்லீங்க, தள்ளிட்டாங்க" என்றது கிளி.

"சரி, நடந்தே போவோம்" என்று ஆமையார் கிளம்பினார். உச்சிவெயில் ஏறும்போது குகைக்கு எதிரே இருந்த புளியமரம் வரைக்கும் வந்திருந்தார்.

"அங்கே பாலமும் இல்லீங்க" என்றது கிளி.

ஆமையார் அந்த நிழலிலேயே உட்கார்ந்து, குழுவின் முடிவைச் சிங்கராஜாவுக்குச் சொல்லி அனுப்பினார். "இரண்டு பகுதியுமே பாவப்பட்டவைதான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அங்கே போய்ச்சேர வழியே கிடையாது. வழியில்லாத இடத்துக்கு ரயில் விட்டால் யார் போவார்கள்? ஆகவே போக்குவரத்து வசதி நன்றாக உள்ள இடம் பார்த்து, ராஜாவின் குகையைச் சுற்றியே விட்டுவிடலாம்."

"எனக்கு எதற்கு இந்த ஆடம்பரமெல்லாம்?" என்றார் சிங்கராஜா. "இருந்தாலும் குழு சொன்னபிறகு நான் குறுக்கே நிற்க முடியாது." அப்படிச் சொல்லும்போதே வரப்போகிற ரயிலில் தனக்கு எந்தப் பக்கத்து ஜன்னல் ஓர இருக்கை என்று மனதுக்குள் குறித்துவைத்துக்கொண்டார்.

கிளி கீழக்காட்டுக்குப் பறந்து வந்தது. "உங்களுக்கு ரயில் இல்லை..." என்று ஆரம்பித்ததுமே ஒப்பாரி கிளம்பிவிட்டது. மேற்கொண்டு அதைப் பேசவே விடவில்லை. பன்றிகள் இழுத்துப் பிடித்திருந்த வயிற்றையெல்லாம் ஒரே நேரத்தில் விட்டன. கரடி ஓடிவந்து நரியின் கழுத்தைப் பிடித்தது.

"பாவி! என் வண்டி எங்கடா? நானே என் கையால தள்ளிட்டேனேடா!"

"அண்ணே, கழுத்தை விடுங்க, மேல்முறையீடு பண்ணலாம்" என்றது நரி.

கரடி அதை உதறிவிட்டு அழுதுகொண்டே பள்ளத்துப் பக்கம் ஓடியது. எதிர்க்கரையில் செங்கோடன் வைத்தியர் நின்றிருந்தார்.

"வைத்தியரே, வலி தாங்கலை! ஏதாச்சும் பண்ணுங்க!"

"வாயைத் தொறங்க, பார்க்கறேன்!"

கரடி ஆவென்று வாயைத் திறந்தது. வைத்தியர் கண்ணுக்குமேல் கையை வைத்துப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் பெருசா! ஒண்ணும் தெரியலைங்க. இங்கிருந்தே ஒரு முள்ளை எறியட்டுங்களா?"

கரடி சட்டென்று வாயை மூடிக்கொண்டது. அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டது. வண்டி போச்சு, பாலம் போச்சு, வைத்தியர் கண்ணுக்கு எதிரே நிற்கிறார், பல் மட்டும் வாயிலேயே இருக்கிறது. எனக்கே பாவமாக இருந்தது.

அப்போதுதான் ஊருக்குள் கிளி மூச்சு வாங்கி, மிச்சத்தைச் சொன்னது. "மேலக்காட்டுக்கும் இல்லை!"

ஒப்பாரி நின்றது.

"என்னது? அந்தக் குரங்குப் பயலுகளுக்கும் இல்லையா?" என்றது நரி.

"இல்லை."

"சத்தியமா?"

"சத்தியமா."

அப்புறம் பாருங்கள்! வெடி என்ன, மேளம் என்ன, மயில்கள் தோகையை விரித்து ஆடின ஆட்டம் என்ன! கழற்றி வைத்த வளைவைத் திரும்ப நட்டார்கள். தங்கராசுவைத் தோளில் தூக்கிக்கொண்டு, மேலக்காட்டுக்கு ரயில் வராமல் தடுத்த மாவீரன் என்று கோஷம் போட்டார்கள். அதே நேரம் பள்ளத்துக்கு அந்தப் பக்கமும் மாரப்பனைத் தூக்கிக்கொண்டு இதே கோஷம், இதே வெடி.

யாரோ ஒரு முயல் கரைக்கு ஓடிவந்து, சேதியைச் சொல்லி, அய்யாவின் கையில் ஒரு லட்டைத் திணித்தது. கரடி அதைக் கையில் வைத்துக்கொண்டு, நம்ப முடியாமல் மறுபடியும் கேட்டது.

"அவங்களுக்கும் இல்லைங்கிறே?"

"அவங்களுக்கும் இல்லைண்ணே!"

கரடி லட்டை அப்படியே வாயில் போட்டு, சொத்தைப் பல்லாலேயே கடித்தது. என்ன ஆச்சரியம், வலி பாதி குறைந்த மாதிரி இருந்தது.

நீதி: நம் ஊருக்கு ரயில் வரவில்லையே என்று வருந்தாதே. பக்கத்து ஊருக்கும் வராமல் பார்த்துக்கொள், பல்வலிக்கும் கேட்கும்.