குலவிளக்குச் செடிக்கு வேர் உண்டா?

நெளுக்குளத்துப் பச்சைச் சித்தரின் கொட்டிலுக்கு முன்னால் காலை ஏழு மணிக்கே வரிசை. கோயில் அன்னதானத்துக்குக்கூட இந்தச் சனம் இவ்வளவு ஒழுங்காக நின்றதில்லை. சித்தர் விற்பது மருந்தல்ல, தாயத்தல்ல. சாடியில் வைத்த செடி. பெயர் குலவிளக்கு. நல்ல குடும்பத்து விறாந்தையில் தளதளக்குமாம். குறையுள்ள குடும்பத்தில் ஒரு கிழமையில், ஏழே நாளில் வாடுமாம்.

முதலில் ஐந்நூறு ரூபாய் என்றார். நாய்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பதினையாயிரம் என்றார், ஊரே திரண்டது. மலிவு விலையில் குலப்பெருமையை யார் வாங்குவார்கள்? பார்வைக்கு அது வேலிக் குரோட்டன்தான். ஆனால் அவ்வளவு காசு கொடுத்தபின் குரோட்டன் என்று சொல்ல யாருக்கு மனம் வரும்?

வாடினால்? வாயே திறக்கமாட்டார்கள். வீட்டுக்குப் பின்னால் கோடிக்குள் புதைத்துவிட்டு, அயலுக்குத் தெரியாமல் இன்னொன்று வாங்குவார்கள். சித்தரின் மூளை அங்கேதான் இருந்தது.

பூவரசங்குளத்துக் கமலாசனி அப்படி மூன்று புதைத்துவிட்டார். வெள்ளிக்கிழமை மகள் யதுர்ஷிகாவைப் பெண்பார்க்க வட்டக்கச்சியிலிருந்து வருகிறார்கள். "வீட்டில குலவிளக்கு நிக்குதோ?" என்று மாப்பிள்ளையின் தாய் ஜெயரூபி போனிலேயே கேட்டுவிட்டார். புதன்கிழமை நாலாவது செடியும் தலை தொங்கியது. கமலாசனியின் தலையும்தான்.

மறுநாள் மகளையும் இழுத்துக்கொண்டு வந்து வரிசையில் நின்றார். முன்னால் ஒரு பெண், வெயிலே இல்லாத நேரத்தில் குடையைத் தாழ்த்திப் பிடித்தபடி. குடை சற்று உயர்ந்தது. மாப்பிள்ளை வீட்டார் அனுப்பிய படத்தில் பார்த்த அதே முகம். ஜெயரூபி!

"நான்... என்ர தங்கச்சிக்கு வாங்க வந்தனான்," என்றார் கமலாசனி.

"நானும் தங்கச்சிக்குத்தான்," என்றார் ஜெயரூபி.

இருவருக்கும் தங்கை கிடையாது.

யதுர்ஷிகாவுக்குப் பொறுக்கவில்லை. நேரே சித்தரிடம் போனாள்.

"சாமி, மிளகாய்க் கன்று வாங்கேக்கயே அம்மா வேர் பாத்துத்தான் வாங்குவா. இதின்ர வேரை ஒருக்காக் காட்டுங்கோ."

"வேர் பாத்தால் குடி கெடும், பிள்ளை!"

"எங்கட குடிதானே? கெட்டாக் கெடட்டும்."

கமலாசனி ஓடிவந்து மகளின் கையைப் பிடித்து இழுத்தார். மாப்பிள்ளையின் தாய் பக்கத்தில் நிற்க, இவள் பேசுகிற பேச்சா இது? கல்யாணம் போயிற்று!

யதுர்ஷிகா பிடுங்கினாள். வேர் இல்லை. கத்தியால் சரித்து வெட்டிய வெறுந்தடி. அடுத்த சாடியிலும் தடி. அதற்கடுத்ததிலும் தடி.

ஜெயரூபி குடையை மடக்கி ஓங்கினார். "எட கள்ளா! எங்கட வீட்டில அஞ்சு செத்துப்போச்சடா!"

"எங்கட வீட்டில நாலு!" என்று கத்திய பிறகுதான் கமலாசனி வாயைப் பொத்தினார்.

"எங்கட வீட்டில ஏழு!" என்றார் பின்னால் நின்ற ஒரு பெரியவர், ஏதோ பரிசு வென்றவர்போல.

சித்தர் வேட்டியைத் தூக்கிக்கொண்டு பின்வேலியால் பாய்ந்தார்.

ஜெயரூபி யதுர்ஷிகாவை ஏற இறங்கப் பார்த்தார். "நாளைக்கு வாறம், பிள்ளை. உன்னை நான் பாத்திட்டன். இனி நீதான் என்ர மகனைப் பாக்கோணும். அவனையும் பிடுங்கிப் பாத்திடாத."

கேள்வி கேட்டு எந்தக் குடியும் கெட்டதில்லை. ஊர் என்ன சொல்லும் என்று வாயைப் பொத்திக் கெட்ட குடிகளைப் பார்க்கவேண்டுமா? அன்று நெளுக்குளத்தில் அவை வரிசையாகவே நின்றன.